மேலிருந்து பார்ப்பவரின் கடமை

நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும் நாள்களில், கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையில் துணியால் ஓர் ஊர் எழும்புகிறது. பாபுகாட், அவுட்ராம் காட் படித்துறைகளை ஒட்டி, ஆற்றுக்கும் ‘மைதானம்’ எனப்படும் பெருவெளிக்கும் இடையில், கங்காசாகர் யாத்திரிகர்களுக்கான முகாம் அது. பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே ஓரிரு இரவு தங்குகிறார்கள். பிறகு தெற்கே காக்துவீப், அங்கே எட்டாம் எண் துறையிலிருந்து படகில் முரிகங்கா ஆற்றைக் கடந்து கச்சுபேரியா, அதன்பின் முப்பது கிலோமீட்டர் பேருந்து. சாகர் தீவின் முனையில், கங்கை கடலில் கலக்கும் இடத்தில், மகர சங்கராந்தி அன்று நீராடிக் கபில முனிவர் கோயிலைத் தொழ வேண்டும். நமக்குத் தை பிறக்கிற அதே நாள்தான்.

அந்த முகாமில் மறைவு என்று எதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் சமையலறை, படுக்கையறை, பூசையறை எல்லாம் ஒரே துணிக்கூரையின் கீழ் விரித்த பாயில் அடங்கிவிடுகின்றன. வாய் பிளந்து தூங்கும் முதியவர், ஈரத்தலையை உலர்த்தும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், உடம்பெல்லாம் நீறு பூசி அமர்ந்திருக்கும் துறவி, புண்ணான பாதத்துக்கு எண்ணெய் தடவும் கிழவி என்று அத்தனை பேரும் திறந்த வெளியில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே மானத்தோடு வாழ முடிகிறது. அக்கம்பக்கத்தார் கண்கள்தான் அதற்குக் காரணம். ஒரு பெண் குளித்தெழுந்தால் இன்னும் இரண்டு பெண்கள் புடவையைப் பிடித்து மறைப்பு கட்டுகிறார்கள். கடந்து போகிற ஆண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலையோரப் பந்தலில் படுத்து, தெருக்குழாயில் குளித்து, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே உடை மாற்றி நடப்பவர்கள் அவர்கள். யாரும் எழுதி வைக்காத ஓர் ஒழுக்கம் அந்த வழியெல்லாம் அவர்களைக் காக்கிறது.

ஆனால் அந்த ஒழுக்கம் பக்கவாட்டுப் பார்வைக்கு மட்டுமே ஏற்பட்டது. மேலிருந்து ஒருவர் பார்ப்பார் என்று நம் முன்னோர் யாரும் நினைக்கவில்லை. அதற்கான நாணமும் நம்மிடம் வளரவில்லை. இன்று நான்கு விசிறிகள் பூட்டிய ஒரு சிறு கருவி இரைந்துகொண்டே வந்து தென்னை உயரத்தில் நிற்கிறது. கீழே இருக்கும் பெண் அண்ணாந்து பார்க்கிறாள். அது போலீஸுடையதா, தொலைக்காட்சிக்காரருடையதா, ரீல்ஸ் எடுக்கும் இளைஞனுடையதா, கெட்ட எண்ணம் கொண்ட ஒருவருடையதா என்று அவளுக்குத் தெரியாது. எதைப் படம் பிடிக்கிறது, அந்தப் படம் எங்கே போகும் என்பதும் தெரியாது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வது ஒன்றுதான் அவளால் முடிவது. அவளை அந்த நிலைக்குத் தள்ளுவதற்கு மேலே இருப்பவருக்கு என்ன உரிமை என்பதை நாம் நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

கொல்கத்தா வானத்துக்குப் பறக்கும் பொருள்கள் புதிதல்ல. செப்டம்பரில் விஸ்வகர்மா பூசை நாளன்று மொட்டைமாடிகளிலிருந்து காற்றாடிகள் எழுந்து வானத்தை நிறைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு காற்றாடிக்கும் ஒரு நூல் உண்டு. நூலைத் தொடர்ந்து போனால் ஒரு மாடி வரும், மாடியில் ஒரு பையன் நிற்பான். அவனைக் கண்டிக்கலாம், அவன் அப்பாவிடம் சொல்லலாம். டிரோனுக்கு அந்த நூல் இல்லை. பறக்கவிடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் காருக்குள் உட்கார்ந்திருக்கக்கூடும். செயல் ஓர் இடத்தில், செய்பவர் இன்னோர் இடத்தில் என்று பிரிந்துபோவதுதான் இந்தக் கருவி கொண்டுவந்த புதிய சிக்கல். அறுந்த அந்த நூலைக் கட்டத்தான் சட்டம் முயல்கிறது.

முயற்சி பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் டிரோன் பறக்கவிடவே கூடாது என்றது. 2018 டிசம்பரில் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. 2021 மார்ச்சில் மிகக் கடுமையான விதிகள் வெளியாயின. அவை நடைமுறைக்கு ஒத்துவராதவை என்ற எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று இப்போதுள்ள டிரோன் விதிகள் அறிவிக்கப்பட்டன. அவை டிரோன்களை எடையால் பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை, முன்னனுமதி வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. ஒவ்வொரு டிரோனையும் பதிவுசெய்து தனி எண் பெற வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஒரு பகுதியைப் பொதுவாக 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் வழி உண்டு.

இந்த விதிகள் எதைக் காக்கின்றன என்பதை அறிய, அவுட்ராம் காட் முகாமின் அக்கம்பக்கத்தைப் பார்த்தாலே போதும். கூப்பிடு தூரத்தில் ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமான வில்லியம் கோட்டை இருக்கிறது. 2019 மார்ச்சில் விக்டோரியா நினைவகத்தின் அருகே டிரோன் பறக்கவிட்ட சீன நாட்டவர் ஒருவர் பிடிபட்டார். பளிங்குக் கட்டடத்தைப் படமெடுத்தார் என்பதைவிட, கோட்டை அருகில் இருக்கிறது என்பதே அதிகாரிகளைக் கலவரப்படுத்தியது. 2025 மே மாதம் ஓர் இரவில் ஹேஸ்டிங்ஸ், வித்யாசாகர் பாலம், மைதானம் பக்கங்களில் டிரோன் போன்ற ஒளிப்புள்ளிகள் தென்பட்டபோது காவல்துறையும் ராணுவமும் உடனே விசாரணையில் இறங்கின. பாதுகாப்புக்கு இது தேவையே. ஆனால் அதே வானத்தின் கீழ் துணிக்கூரையில் படுத்திருக்கும் பெண்ணின் தலைக்கு மேல் ஒன்று பறந்தால், அதே வேகத்தில் யாராவது ஓடி வருவார்களா?

மைதானத்தின் கதையே பார்வையின் கதைதான். 1757இல் பிளாசிப் போர் முடிந்தபின் ஆங்கிலேயர் புதிய கோட்டையைக் கட்டியபோது, கோவிந்தபூர் என்ற ஊரையே அங்கிருந்து அகற்றினார்கள். சுற்றியிருந்த காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே எதுவும் மறைக்காத வெட்டவெளி வேண்டும் என்பது காரணம். மேலே நிற்பவர் தடையில்லாமல் பார்ப்பதற்காகக் கீழே வாழ்ந்தவர்கள் குடிபெயர்ந்தார்கள். இன்று அந்த வெளி நகரத்தின் நுரையீரலாகிவிட்டது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஆடுகள் மேய்கின்றன. ஆனாலும் உயரத்தில் இருப்பவரின் வசதிக்காகத் தரையில் இருப்பவர் ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம் பழைய கோட்டைகளோடு ஒழிந்துவிடவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிரோன் விதிகள் வந்தது அதற்குச் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து. 2021 மார்ச் விதிகளில், படம் எடுக்கையில் தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்ற பொருளில் ஒரு விதி இருந்தது. ஆகஸ்டில் தொழில் வளர்ச்சிக்காகப் படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்தபோது அந்த விதியும் காணாமல் போயிற்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் பிறர் பார்க்கமாட்டார்கள் என்று அவள் எதிர்பார்க்கக்கூடிய சூழலாக அது இருக்க வேண்டும். ஆயிரம் பேர் நடுவே படித்துறையில் குளித்தவளுக்கு அந்த எதிர்பார்ப்பு இருந்ததா என்று வழக்கறிஞர் கேட்பார். 2023இல் வந்த எண்முறைத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்தத் தேவைக்குத் திரட்டும் தரவைத் தன் எல்லைக்குள் கொண்டுவருவதில்லை.

எடைக்கணக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. 250 கிராமுக்கு மேல் போனால் கட்டுப்பாடுகள் கூடும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்ல, உற்பத்தியாளர்கள் 249 கிராமில் டிரோன் செய்து விற்கிறார்கள். நம் நாட்டிலும் நானோ டிரோனை இயக்கச் சான்றிதழ் தேவையில்லை. அந்த ஒரு கிராம் குறைந்ததால் அதன் கேமரா மங்கிவிடவில்லை. தலையில் விழுந்தால் எவ்வளவு காயம் என்பதைத்தான் சட்டத்தின் தராசு நிறுக்கிறது. மனத்தில் விழும் காயத்தை நிறுக்க அதற்குப் படிக்கல் இல்லை. இதைச் சட்டத்தின் தோல்வி என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் சட்டம் நின்றுபோகும் இடம் இது. அதற்கு அப்பால் ஒருவர் தம் மனச்சாட்சியோடு தனியாகத்தான் நடக்க வேண்டும்.

“யாரும் ஆட்சேபிக்கவில்லையே” என்பது பறக்கவிடுபவர்கள் எப்போதும் சொல்லும் சமாதானம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பைப் பதியும் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் மேல் டிரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான கரடிகள் ஓடவில்லை, இருந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றுதான் எழுதியிருப்போம். ஆனால் இதயம் வேறு கதை சொன்னது. ஒரு கரடிக்குத் துடிப்பு முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 123 கூடியிருந்தது. அசையாமல் இருப்பது அமைதியாக இருப்பதற்கு அடையாளமாகாது என்பதைக் காட்டு விலங்கிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

முகாமில் இருப்பவரின் மௌனத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அவர் வங்காளமோ ஆங்கிலமோ அறியாதவர். பேருந்து எப்போது கிளம்பும், கூட வந்த தம்பி எங்கே போனான் என்ற கவலைகள் அவருக்கு. தலைக்கு மேல் இரைவது அரசாங்கத்துடையதாகத்தான் இருக்கும், அரசாங்கத்தை எப்படிக் கேட்பது என்று அடங்கிப்போகிறவர். பணக்காரர் வீட்டு மொட்டைமாடியின் மேல் அதே டிரோன் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி போயிருக்கும். எதிர்க்க முடியாதவரின் பொறுமையை இசைவாகக் கணக்கு வைத்துக்கொள்வது, கடன் கேட்காமலேயே ஒருவர் பையில் கையை விடுவதற்கு ஒப்பான செயல்.

இது கற்பனை அச்சமும் இல்லை. கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் ஆய்வாளர் திரிசாந்த் சிம்லாய் 14 மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சாண்ட்புரூக்குடன் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விறகும் புல்லும் சேகரிக்கக் காட்டுக்குள் போகும் பெண்களை விரட்ட, அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தும், வனத்துறையினர் வேண்டுமென்றே அவர்கள் மேல் டிரோன் பறக்கவிட்டதை அது பதிவு செய்தது. புலிகளைக் கணக்கெடுக்க வைத்த கேமராவில் சிக்கிய ஒரு பெண்ணின் படம் ஊரெங்கும் கைப்பேசிகளில் சுற்றிய அவலமும் அதில் உண்டு. அந்தப் பெண்களுக்குக் காடு வெறும் வேலையிடம் மட்டுமாக இருக்கவில்லை. வீட்டின் அடக்குமுறையிலிருந்து மூச்சுவிட, தோழிகளோடு மனம்விட்டுப் பேச, விலங்குகள் விலகிப் போகும்படி உரக்கப் பாட அவர்களுக்கிருந்த ஒரே இடம் அது. கேமரா வந்தபின் பாட்டு தாழ்ந்தது. தாழ்ந்த குரல் காட்டில் உயிருக்கே ஆபத்து.

வனத்துறையை மட்டும் குறைசொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, திருப்பூர் மாவட்டக் காவல்துறையின் டிரோன் ஒன்று திறந்தவெளியில் கேரம் ஆடிய இளைஞர்களைத் துரத்தியது. அவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். கேரம் பலகையாலேயே முகத்தை மறைக்கப் பார்த்தார்கள். அந்தக் காட்சி நகைச்சுவை ஒலிகளோடு தமிழ்நாடெங்கும் சுற்றியது. நாமும் சிரித்தோம். அவர்கள் விதியை மீறியது உண்மை. தொற்றுக் காலத்தில் அவர்களைக் கலைந்துபோகச் செய்ததும் சரி. ஆனால் அஞ்சி ஓடும் மனிதரை மேலிருந்து படமெடுத்து அந்த அச்சத்தை ஊருக்கு விருந்தாக்கியபோது, கலைப்பது என்ற நோக்கம் முடிந்து வேறொன்று தொடங்கிவிட்டது. கண்காணிப்பு வேடிக்கையாக மாறுகிற அந்த நொடியை அன்று நாம் யாரும் கவனிக்கவில்லை.

அரசு கூட்டத்தைப் பார்க்கவே கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கங்காசாகர் மேளாவில் சில ஆண்டுகளாகவே டிரோன்கள் கூட்டத்தைக் கண்காணிக்கின்றன. படகுத்துறையில் நெரிசல் ஏறுகிறதா, கூடாரங்களுக்கு நடுவே புகை கிளம்புகிறதா என்பதை மேலிருந்து பார்த்தால்தான் நேரத்தில் தெரியும். 2025 ஜனவரி 29 அன்று பிரயாக்ராஜ் மகா கும்பமேளா நெரிசலில் மாண்டவர்களை நினைத்தால், கூட்டத்தின் அடர்த்தியை முன்கூட்டி அறியும் எந்தக் கருவியும் வேண்டும் என்றே தோன்றும். ஆனால் அந்தக் கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. கங்காசாகரில் தொலைந்துபோகும் முதியவர்களை மேற்கு வங்க ரேடியோ கிளப்பைச் சேர்ந்த ஹாம் ரேடியோ அன்பர்கள் ஆண்டுதோறும் குடும்பத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். ஊர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு வழக்கையும் நினைவில் மிஞ்சிய கோயில், ஆறு, சந்தைப் பெயர்களையும் கேட்டு, அலைவரிசையில் மாநிலம் விட்டு மாநிலம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். கூட்டத்தை எண்ண மேலே போகலாம். மனிதரை அறியப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.

ஆள்பவரின் கண்ணைப் பற்றித் தமிழ் எப்போதோ சிந்தித்து முடித்திருக்கிறது. திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 57ஆவது வெருவந்த செய்யாமை, குடிகள் அஞ்சும்படி நடவாதிருத்தல். 58ஆவது கண்ணோட்டம், பார்வையில் இரக்கம். அதன் பிறகே 59ஆவதாக ஒற்றாடல் வருகிறது. ஒற்று வேண்டாம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதை அரசனுக்குக் கண் என்றே கருதுகிறார். ஆனால் இந்த வரிசையில் படிக்கும் அரசன், அச்சுறுத்தாமலும் இரங்கும் கண்ணோடும் இருக்கக் கற்ற பிறகே ஒற்றனை அனுப்பும் அதிகாரத்துக்கு வருகிறான். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பொம்மை டிரோன் கிடைக்கும் காலத்தில் ஒற்றாடும் வசதி எல்லாருக்கும் வந்துவிட்டது. முன்னிரண்டு அதிகாரங்களும் அதோடு சேர்ந்து வரவில்லை. ஒரு காலத்தில் அரசனுக்கு மட்டும் வேண்டியிருந்த அடக்கம் இப்போது கருவி வாங்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டியிருக்கிறது.

“பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே” என்பது இன்னொரு வாதம். பொது இடத்தில் என்னை நீங்கள் பார்க்கலாம்; உங்களை நானும் பார்ப்பேன். நீங்கள் உற்றுப் பார்த்தால் நான் முறைப்பேன், நீங்கள் வெட்கி விலகுவீர்கள். சந்தையும் திருவிழாவும் பேருந்தும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நடக்கின்றன. பார்ப்பவர் மறைந்துகொண்டால் அந்தக் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். உயரமும் தூரமும் தந்த மறைவைப் பயன்படுத்திக்கொண்டு, எதிரில் நின்றால் பார்க்கத் துணியாததைப் பார்ப்பவர், பொது இடத்தின் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு அதன் கூச்சத்தை மட்டும் கழற்றிவைக்கிறார்.

அழகு என்ற நியாயமும் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பனிமூட்டம் விலகும் ஜனவரிக் காலையில், ஹௌரா பாலத்துக்கும் வித்யாசாகர் பாலத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கும் ஆறும் கரையும் உயரத்திலிருந்து அற்புதமாகத்தான் இருக்கும். முகங்கள் புள்ளிகளாகும் உயரத்தில் எடுத்த படம் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஆர்வம் அங்கே நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினால் சடாமுடி தெரியும், இன்னும் கொஞ்சம் இறக்கினால் கண்ணீர் தெரியும் என்று கட்டைவிரல் தானாகக் கீழே அழுத்துகிறது. நிலக்காட்சி எப்போது உளவாகிறது என்பதற்கு விதிப்புத்தகத்தில் மீட்டர் கணக்கு இல்லை. ஒரு முகத்தை அடையாளம் காண முடிகிற உயரத்துக்கு வந்தவுடன் அந்த முகத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

யாத்திரை முகாமுக்கு மட்டும் உரிய பேச்சில்லை இது. வங்கத்தின் வடமுனையில், 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு மலையேறுபவர்கள் சிங்கலீலா தேசியப் பூங்காவின் ஓரமாகக் கூடாரம் அடிக்கிறார்கள். அங்கே விடியலில் கஞ்சன்ஜங்காவைப் பார்க்க வந்தவர் தேடி வருவது அமைதியும்தான். ஒருவர் எழுப்பும் இரைச்சல் அத்தனை பேரின் காலையையும் எடுத்துக்கொள்கிறது. காட்டில் ஒண்டியிருக்கும் சிவப்புப் பாண்டாவையும் கலைக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 2014 ஜூனில் டிரோன்களுக்குத் தடை விதித்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஸையன் பூங்காவில் டிரோன் ஒன்று காட்டு ஆட்டு மந்தையைச் சிதறடித்துக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்திருந்தது. தடை வந்த சில வாரங்களில் யெல்லோஸ்டோனின் புகழ்பெற்ற வெந்நீர்ச் சுனைக்குள் ஒரு சுற்றுலாப் பயணியின் டிரோன் விழுந்தது. பகிர்ந்து அனுபவிக்க வேண்டியதை ஒருவர் தம் திரைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும்போது மற்றவர்களுக்கு மிஞ்சுவது இதுதான்.

ஆகவே முகாம் ஒன்றின் மேல் டிரோன் பறக்கவிட நினைப்பவர், வரைபடத்தில் பச்சை நிறம் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. முதலில் தரையில் நடந்து போக வேண்டும். முகாம் நடத்துபவரிடமும் அங்கே தங்கியிருப்பவர்களிடமும் தாம் யார், எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். பறக்கும்போது ஒளிந்து நிற்காமல் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ரிமோட்டோடு நிற்க வேண்டும். அறுந்த நூலை அவர் தம் உடம்பால் கட்டிக்கொடுக்கிறார் என்று பொருள். குளிக்கும் துறை, கழிப்பிடம், பெண்கள் தங்கும் பகுதி, நோயாளிகள் கிடக்கும் இடம் ஆகியவற்றுக்கு எந்த உயரத்திலும் போகக் கூடாது. தலைக்கு நேர் மேலே நிறுத்தக் கூடாது. மின்கலம் தீர்ந்தாலும் விசிறி உடைந்தாலும் விழுவது அவர்கள் தலையில்தான். “வேண்டாம், தம்பி” என்று ஒரே ஒருவர் சொன்னாலும் இறக்கிவிட வேண்டும். படத்தில் யாராவது தெரியாமல் சிக்கியிருந்தால், அது எத்தனை அழகாக இருந்தாலும் அழித்துவிட வேண்டும்.

காவல்துறைக்கும் இது பொருந்தும், கூடுதலாகவே பொருந்தும். மேலே கேமரா இருக்கிறது என்பதை இந்தியிலும் வங்காளத்திலும் போஜ்புரியிலும் ஒலிபெருக்கியில் சொல்லலாம். எழுத்தறியாதவருக்குப் படத்தோடு பலகை வைக்கலாம். படித்துறைக் காட்சிகள் வரும் திரையின் முன் பெண் காவலர்களை அமர்த்தலாம். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுதி வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கீழே இருப்பவர்களும் குடிமக்கள் என்ற நினைவு இருந்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கிறது, பார்வையாளர்களாகிய நாம். 2025 பிப்ரவரியில், மகா கும்பமேளாவில் நீராடிய பெண்களின் காணொளிகளைப் பரப்பியதற்காகவும் விற்பனைக்கு வைத்ததற்காகவும் சமூக ஊடகக் கணக்குகள் மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை வழக்குப் பதிந்தது. பக்தியோடு நீரில் இறங்கியவளின் உடல் விலைப்பட்டியலில் ஏறியது. படமெடுத்தவர் குற்றவாளி, விற்றவர் குற்றவாளி. வாங்க ஆள் இருந்ததால்தான் கடை திறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முகாமின் வானத்தில் ஏறும் பல டிரோன்கள் நம் விருப்பக்குறிகளுக்காகவே ஏறுகின்றன. யாருடைய சம்மதமும் இல்லாமல் எடுத்தது என்று தெரிந்தால் பார்க்காமல் தள்ளிவிடுவதும், அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதும், படித்துறையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த வழிப்போக்கர் செய்ததற்கு நிகரான அறம்.

எதிரில் நின்று, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இதை நான் செய்வேனா? இந்த ஒரு கேள்வி பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்த்துவிடும். செய்வேன் என்று நெஞ்சறிந்து சொல்ல முடிந்தால் பறக்கவிடலாம். தயக்கம் வந்தால், அந்தத் தயக்கத்தை வெல்வதற்காகவே தூரத்தைத் தேடுகிறோம் என்று அறிய வேண்டும். வானில் ஏறக்கூடிய உயரத்துக்குச் சட்டம் 120 மீட்டர் என்று எல்லை போட்டிருக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கும் பார்வைக்கு எல்லை போடுவது ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பு. அதை அவருக்குப் பதிலாக எந்த அதிகாரியும் எந்த வரைபடமும் செய்து தர முடியாது.